வேலைக்காக வந்த ஊரில் நட்பும் வழியனுப்புதலும்: புதிதாக வருகிறவர்களுக்கு

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு விசா, வீடு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு என்று எல்லாவற்றுக்கும் யாராவது ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, படுக்கப் போகும்போதுதான் உறைக்கும்: காலையிலிருந்து ஒருவரிடமும் வாய் திறந்து பேசவில்லை. அந்த ராத்திரிக்கான பட்டியல் யாரிடமும் இருப்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டு நகரங்களில் வேலை பார்த்த ஆண்டுகளில் பலரை நான் வழியனுப்பியிருக்கிறேன்; என்னையும் சிலர் வழியனுப்பியிருக்கிறார்கள். நான் பார்த்த வரையில், புது ஊரில் நட்பு அமையாமல் போவதற்கு மொழி, கூச்சம், வேலைப்பளு எல்லாம் இரண்டாம் பட்சம். "இரண்டு வருஷத்தில் நான் போய்விடுவேன், அதற்கு முன்னால் அவர் போய்விடுவார், எதற்கு வீணாக நெருங்க வேண்டும்" என்று உள்ளுக்குள் ஓடுகிற கணக்குதான் முதல் காரணம். பிரிவை ஒழுங்காகச் செய்யப் பழகிவிட்டால் அந்தப் பயம் பாதியாகக் குறைகிறது, பழகுவதும் சுலபமாகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

வீடு பார்க்கும்போதே தொடங்குங்கள்

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மணமான மாணவர்கள் குடியிருந்த வீடுகளில் யாருக்கு யார் நண்பர் என்று ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் விசாரித்து 1950-இல் வெளியிட்டார்கள். அடுத்த கதவுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். அதே தளத்தின் மறுகோடியில் இருந்தவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம் மட்டும். தூரம் என்னவோ சில அடிகள்தான். மாடிப்படியை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கிடைத்திருந்தார்கள், காரணம் ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆகவே வாடகை குறைவு என்பதற்காக ஊருக்கு வெகு தள்ளி வீடு எடுக்கும் முன் ஒரு முறை யோசியுங்கள். போக வர இரண்டு மணி நேரம் என்றால், மாலையில் "வாங்களேன்" என்று யாராவது கூப்பிட்டாலும் போக மாட்டீர்கள். உங்களைத் தேடியும் யாரும் வர மாட்டார்கள். முதல் ஆறு மாதத்துக்காவது, தனி அறையும் பொதுச் சமையலறையும் உள்ள பகிர்வு வீட்டில் இருப்பது நல்லது. சமையலறையில் பாத்திரம் கழுவும் பத்து நிமிடத்தில் நடக்கும் பேச்சுக்கு ஈடாக எந்த நிகழ்ச்சிக்கும் போக வேண்டியதில்லை.

அடுத்து, வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே முகங்கள் என்று இருக்கும் இடம் ஒன்றைப் பிடியுங்கள். ஓட்டக் குழு, பாட்மிண்டன், சேர்ந்திசைக் குழு, தன்னார்வ வேலை, வழிபாட்டு இடம், எதுவானாலும் சரி. ஒரு முறை மட்டும் நடக்கும் "அறிமுகச் சந்திப்பு"களில் நான் பெரிதாக நம்பிக்கை வைப்பதில்லை. முப்பது பேரிடம் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிவிட்டுத் தொண்டை வறண்டு வீட்டுக்கு வருவோம், மறுவாரம் அந்த முப்பது பேரும் வேறு முப்பது பேராக இருப்பார்கள். ஒன்றே ஒன்றுதான் சேர முடியும் என்றால் உள்ளூர் மொழி வகுப்பில் சேருங்கள். அங்கே எல்லோருமே புதியவர்கள், எல்லோருமே தப்பாகப் பேசுகிறவர்கள். தப்பாகப் பேசி ஒன்றாகச் சிரித்தவர்களுக்கு நடுவில் கூச்சம் சீக்கிரம் போய்விடும்.

மணிக்கணக்கு

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு நம்மைப் போன்றவர்களைப் பற்றியதுதான். முந்தைய ஆறு மாதத்துக்குள் ஊர் மாறி, புது நண்பர்களைத் தேடிக்கொண்டிருந்த 355 பேரிடம் அவர் விசாரித்தார். அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு வரச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ளச் சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் என்று கணக்கு வந்தது. ஒரே அலுவலகத்தில் சேர்ந்து வேலை பார்த்த மணி நேரம் இதில் அவ்வளவாக உதவவில்லை.

இதைப் படித்ததும் நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். வாரம் மூன்று மணி நேரம் ஒருவரைச் சந்தித்தால், 50 மணி நேரம் சேர நான்கு மாதம். 200 மணி நேரம் சேர ஒன்றேகால் வருஷம். ஒப்பந்தமே இரண்டு வருஷம் என்றால், நெருங்கிய நண்பர் கிடைத்த சில மாதங்களிலேயே பெட்டி கட்ட வேண்டியிருக்கும். "எனக்கு இந்த ஊர் ஒத்துவரவில்லை, யாரும் ஒட்டுவதில்லை" என்று மூன்றாவது மாதம் புலம்புகிற பலருக்கு உண்மையில் நேரம் சேரவில்லை, அவ்வளவுதான்.

சேர்க்க வழி இருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதை விட, ஒரு முழு நாளை ஒன்றாகக் கழிக்கும் வேலைகளைத் தேடுங்கள். வீடு மாறும் நண்பருக்குச் சாமான் தூக்கப் போங்கள். ரயிலில் பக்கத்து ஊருக்கு ஒரு நாள் போய் வாருங்கள். கட்டில் வாங்கி அதைப் பூட்டத் தெரியாமல் திணறினால் யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்கள். உதவி கேட்பதை நம்மில் பலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறோம். கேட்டுப் பாருங்கள், கேட்கப்பட்டவர் அடுத்த முறை உங்களிடம் தயங்காமல் கேட்பார். அப்படித்தான் ஒரு நாளில் எட்டு மணி நேரம் சேரும்.

முதலில் நீங்கள் கூப்பிடுங்கள்

ஒருவரோடு முதல் முறை பேசிவிட்டு வந்தபின், "அவருக்கு என்னைப் பிடித்திருக்காது" என்று தோன்றுவது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. 2018-இல் எரிக்கா பூத்பி என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டு, பிறகு தனித்தனியாகக் கேட்டபோது, எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை இருவருமே குறைத்துத்தான் மதிப்பிட்டிருந்தார்கள். நீங்கள் அங்கே தயங்கி நிற்கும்போது, அவரும் இதே தயக்கத்தோடு தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

கூப்பிடும் விதம் முக்கியம். "ஒரு நாள் சந்திக்கலாம்" என்பது எந்த மொழியிலும் விடைபெறும் வார்த்தைதான்; அதை அழைப்பாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. "சனிக்கிழமை பத்து மணிக்கு ஆற்றங்கரையில் நடக்கப் போகிறேன், வருகிறீர்களா? பன்னிரண்டுக்குள் திரும்பிவிடலாம்" என்று சொல்லுங்கள். நாள், இடம், முடியும் நேரம் மூன்றும் இருந்தால் பதில் சொல்வது எளிது. முடியாது என்றால் மனதில் வைத்துக்கொள்ளாமல் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். மூன்று முறை கேட்டும் வேறு நாள் அவராகச் சொல்லவில்லை என்றால் விட்டுவிடலாம்.

நம் மொழிக்காரர்கள், மற்ற வெளியூர்க்காரர்கள், உள்ளூர்க்காரர்கள்

நம் மொழி பேசுகிறவர்களிடம் முதல் வாரமே போய் நில்லுங்கள். வீடு, சிம் கார்டு, நல்ல மருத்துவர் என்று ஆரம்பத்தில் கைகொடுப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் இரண்டு சங்கடம். சின்ன வட்டம் என்பதால் ஒருவரிடம் சொன்னது மறுநாள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்த வட்டத்தில் ஒரு மனத்தாங்கல் வந்தால் மொத்த ஊரும் மூடிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களோடு பழகுவது சுலபம், அவர்களும் நம்மைப் போலத் தனியாகத்தான் வந்திருக்கிறார்கள். சீக்கிரம் ஒட்டுவார்கள், சீக்கிரம் கிளம்பியும் போவார்கள்.

உள்ளூர்க்காரர்கள் விஷயம் வேறு. அவர்களுக்குப் பள்ளி நண்பர்கள் இருக்கிறார்கள், உறவுக்காரர்கள் இருக்கிறார்கள், வார இறுதி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. அவர்கள் விலகி நிற்பதாக நமக்குத் தோன்றுவதில் பெரும்பகுதி இந்த நெருக்கடிதான். ஒரு வருஷம் பொறுமையாக இருங்கள். அரைகுறையாகவாவது அவர்கள் மொழியில் பேசுங்கள். ஆண்டுதோறும் நண்பர்கள் கிளம்பிக்கொண்டே இருக்கும் ஊரில், கிளம்பாமல் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். வட்டத்தில் ஒன்றிரண்டு உள்ளூர் மனிதர்கள் இல்லாதவர், மூன்றாவது ஆண்டில் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இதை நான் என் முதல் ஊரில் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. திரும்பி வராவிட்டால் தாங்கிக்கொள்ளக்கூடிய தொகைக்கு மேல் கடன் கொடுக்காதீர்கள். ஊரை விட்டுப் போனவரிடம் வசூலிக்க வழியே கிடையாது. வாடகை ஒப்பந்தத்திலோ வங்கிக் கடனிலோ ஜாமீன் கையெழுத்து போடாதீர்கள். பாஸ்போர்ட்டை எவ்வளவு நெருங்கியவரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். சேர்ந்து வாடகைக்கு இருந்தால் முன்பணத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த கசப்பான பிரிவுகளில் பாதிக்கு மேல் இந்த முன்பணத்தில்தான் தொடங்கின.

இன்னொன்று, உங்கள் வீட்டுச் சாவியின் நகல் ஒன்று அந்த ஊரில் யாரிடமாவது இருக்கட்டும். ஆஸ்பத்திரிப் படிவத்தில் "அவசரத்துக்கு யாரை அழைக்க" என்ற இடத்தில் ஏழு மணி நேர விமானத் தொலைவில் இருக்கும் உறவினரின் எண்ணை எழுதாமல், ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடியவரின் எண்ணை எழுதுங்கள். அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அந்தக் கேள்வியே ஒரு நட்பை உறுதிப்படுத்திவிடும்.

ஆறாவது மாதம்

முதல் சில மாத உற்சாகம் வடிந்து, எல்லாம் அலுத்துப்போகும் காலம் ஒன்று வரும். அமெரிக்காவில் தங்கியிருந்து திரும்பிய 200 நார்வேக்காரர்களை விசாரித்து 1955-இல் லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் எழுதியதில், ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகம் சிரமப்பட்டிருந்தார்கள். எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்றில்லை. ஆனாலும் அந்தக் காலம் வந்தால், வேலையை விடுவது, ஊர் திரும்புவது போன்ற பெரிய முடிவுகளைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, வாராந்தரச் சந்திப்பை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். போக மனமில்லாத வாரங்களில்தான் கட்டாயம் போக வேண்டும்.

நண்பர் கிளம்பும்போது

என் முதல் நண்பர் ஊரை விட்டுப் போனபோது நான் போகவில்லை. வேலை இருக்கிறது என்று செய்தி அனுப்பினேன். வேலை இருந்தது உண்மை, ஆனால் தள்ளிவைக்க முடியாத வேலை இல்லை. விடைபெறும் அந்த நிமிடத்தில் நிற்கத் தெரியாமல்தான் போகவில்லை. அவர் "பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை பதில் போட்டார். அதன்பிறகு என்னாலும் இயல்பாக எழுத முடியவில்லை, அவரும் எழுதவில்லை. கிளம்புகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள் என்று நாம் குறைப்படுவோம். அங்கே அப்படிச் செய்தது இருந்தவனான நான். இன்று வரை அது எனக்கு உறுத்தல்தான்.

அதனால் சொல்கிறேன், கிளம்பும் தேதி தெரிந்த உடனே, விருந்துக்கு வெளியே இரண்டு சந்திப்புகளைக் குறித்து வையுங்கள். விருந்தில் இருபது பேர் இருப்பார்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும், ஒரு புகைப்படம் எடுப்பார்கள். அங்கே எதையும் சொல்ல முடியாது. முதல் சந்திப்பு, நீங்கள் வழக்கமாகச் சேர்ந்து செய்ததையே இன்னொரு முறை செய்வது. இரண்டாவது, கடைசி வாரத்தில் ஏதாவது ஒரு வேலைக்குக் கைகொடுப்பது. கடைசி வாரத்தில் அவருக்கு ஆறுதல் சொல்ல ஆள் இருக்கும், பெட்டி கட்ட ஆள் இருக்காது.

பின்னால் ஒரு நண்பர் கிளம்பியபோது, வீட்டை உரிமையாளரிடம் ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் அவரோடு சேர்ந்து சுத்தம் செய்யப் போனேன். சாமான்கள் போய்விட்டிருந்தன. அவர் சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை விரலால் பசை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்; நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்து, அடுப்பின் கண்ணாடிக் கதவில் இரண்டு வருஷமாகப் படிந்த பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வீடு காலியாக இருந்ததால் எங்கள் குரல் எதிரொலித்தது. முகம் பார்க்காமல் வேறு வேறு அறையில் இருந்து பேசிக்கொண்டதாலோ என்னவோ, அவருடைய அப்பா இறந்த செய்தி வந்த இரவில் நான் ஒன்றும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்ததை அவர் அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னார். அதை நான் மறந்தே போயிருந்தேன். கை நிறையச் சோப்பு நுரை, என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. மறுநாள் விமான நிலையத்தில் சொல்வதற்கு எங்களிடம் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை, சும்மா சிரித்துக்கொண்டு நின்றோம்.

இருந்துவிடுகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போகிறவருக்குப் புது வீடு, புது வேலை என்று கவனம் வேறு பக்கம் போய்விடும். இருப்பவர்தான் அதே தெருவில், அதே பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போக வேண்டும். முன்பு சந்தித்த கிழமையின் அதே மாலை வெறுமையாக இருக்கும். முதல் இரண்டு வாரத்துக்கு அந்த நேரத்தில் வேறு யாரையாவது பார்க்க முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதே நண்பரைப் பிரிந்த இன்னொருவர் உங்கள் வட்டத்தில் இருந்தால், அந்த மாலையில் அவரைக் கூப்பிடுங்கள். ஒரே ஆளை வழியனுப்பிய இருவர் நல்ல நண்பர்களாக மாறியதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கிளம்பும்போது

முடிவானதும் நெருங்கியவர்களிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். மூன்றாம் ஆள் வழியாகத் தெரிய வந்தால் அந்த வருத்தம் கடைசி வரை போகாது. அலுவலகத்தில் மேலாளரிடம் முறைப்படி சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்ல முடியும் என்ற கட்டாயம் இருந்தால், அன்று மாலையே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்தவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்திவிட்டுப் போங்கள். உங்களை மட்டும் நம்பி அந்த ஊரில் இருக்கிற புது ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய பரிசு. சாமான்களைக் கொடுக்கும்போது வாங்குகிறவருக்கு வேண்டியவற்றை மட்டும் கொடுங்கள். போகிறவர் வீட்டுப் பழைய பொருளெல்லாம் இருக்கிறவர் வீட்டுக்கு வந்து குவிவது ஒரு பாரம்.

வேலை போனால் விசாவும் சில வாரங்களில் முடிந்துவிடும் நாடுகள் பல உண்டு. அப்படி அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் எல்லோரையும் பார்க்க முடியாது. ஐந்து பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மற்றவர்களுக்கு விமானம் ஏறும் முன் குரல் பதிவு அனுப்புங்கள்; எல்லோருக்கும் ஒரே செய்தியை நகல் எடுத்து அனுப்பாதீர்கள்.

தொலைபேசி எண்ணைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். அந்த நாட்டு சிம் காலாவதியானதும் அந்த எண் வேறு ஒருவருக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் "எண்ணை மாற்று" என்ற வசதி இருக்கிறது. பழைய எண் வேலை செய்யும்போதே அதைப் பயன்படுத்தினால் உரையாடல்கள் அப்படியே இருக்கும், தேர்ந்தெடுத்தவர்களுக்குப் புது எண்ணும் தானாகப் போய்ச் சேரும். 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும். எதற்கும் மின்னஞ்சல் முகவரியையும், உங்களை எப்போதும் தொடர்புகொள்ள வழி இருக்கும் ஒரு நிலையான முகவரியையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

போன பிறகு

எல்லோரோடும் தொடர்பில் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நான்கைந்து பேரோடுதான் நிஜமாக முடியும். அவர்களோடு மாதம் ஒரு முறை, நாள் குறித்துப் பேசுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டால் ஒரே வருஷத்தில் பிறந்தநாள் வாழ்த்தோடு நின்றுவிடும்.

திரும்பிப் போன இடமும் முதலில் ஒட்டாது. இதை 1963-இலேயே குல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதியர் எழுதியிருக்கிறார்கள்: வெளிநாட்டில் ஒரு முறை இறங்கி ஏறிய மனநிலை, ஊர் திரும்பியதும் மறுபடி ஒரு முறை இறங்கி ஏறுகிறது. அந்த இரண்டாவது இறக்கத்தில், விட்டு வந்த வெளிநாட்டு ஊரின் நண்பரிடம் பேசுவதுதான் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது. கூட இருப்பவர்களுக்கு அந்தத் தெருவின் பெயர் தெரியாது, அவருக்குத் தெரியும்.

கடிகாரத்தை ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றும் நாடுகளில் ஒருவர் இருந்தால் அதையும் குறித்து வையுங்கள். ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஒருவர் ஐரோப்பாவிலும் மற்றவர் அமெரிக்காவிலும் இருந்தால், இந்த இரண்டு மாற்றங்களுக்கும் நடுவில் உள்ள வாரங்களில் வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் தப்பிப்போகும். அடுப்பைச் சுத்தம் செய்த அந்த வீட்டு நண்பரும் நானும் ஒரு மார்ச் மாதம் இப்படித்தான் ஆளுக்கொரு பக்கம் போனைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இப்போது மார்ச் அழைப்புக்கு முந்தைய நாள், "நாளைக்கு உங்கள் ஊரில் எத்தனை மணி?" என்று இருவரில் ஒருவர் கேட்டுவிடுகிறோம்.